சீர் சோபாவைத் தொடங்கி வைத்தவள் நான்தான்

கண்ணு,

நேற்று மத்தியானம் கவிதாவின் அப்பா நம் கடைக்கு வந்திருந்தார். இந்த ஒரு வரியைப் படித்ததுமே உனக்கு விஷயம் என்னவென்று தெரிந்திருக்கும். எனக்குத்தான் தெரியவில்லை. அவர் சொல்லித்தான் தெரிந்தது. மூன்று தடவை போனை எடுத்து உன் நம்பரை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். போனில் ஆரம்பித்தால் நீ "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்பாய். நீ அப்புறம் கூப்பிடும் நேரத்தில் என் கோபம் பாதி ஆறியிருக்கும், பெற்ற மனசு மீதியை ஆற்றிவிடும். இந்தத் தடவை அது ஆறக் கூடாது. அதனால்தான் கடை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கரண்ட் போயிருக்கிறது, ஃபேன் ஓடவில்லை, காகிதத்தில் வேர்வை சொட்டினால் கண்ணீர் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் மேல் எனக்கு அழுகை வரவில்லை. அதிர்ச்சிதான் இருக்கிறது.

அவர் வந்தபோது கையில் மஞ்சள் பை இருந்தது. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்தானே, பத்திரிகை கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "வாங்கண்ணா, வாங்க" என்று எழுந்து நின்றேன். சம்பந்தம் பேசிய நாளிலிருந்து நான் அவரை அண்ணா என்கிறேன், அவர் என்னை அம்மணி என்கிறார். கூடப் பிறந்தவர்கள் இல்லாத எனக்கு இந்த வயதில் ஓர் அண்ணன் கிடைத்தார் என்று உன் அப்பாவிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். உட்காரச் சொன்னால், கடை முழுக்கச் சோபாவாகக் கிடக்க, மூலையில் இருந்த பிளாஸ்டிக் சேரைத் தேடி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சட்டையெல்லாம் பனியன் பஞ்சுங்க அம்மணி, விக்கற பொருள் மேல ஒட்டிக்கும்" என்றார். நான் சிரித்தேன். டீ சொன்னேன். குடித்து முடித்துவிட்டுக் கையைத் துண்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், ஒவ்வொரு சோபாவாகப் பார்த்துக்கொண்டே போய், அந்தப் பிரவுன் கலர் லெதர் செட் முன்னால் நின்றார். மூன்று பேர் உட்காருவது ஒன்று, ஒற்றை இரண்டு. இந்த வருஷம் நம் கடையில் அதிகம் போகிற செட் அதுதான்.

நம் ஊர்க்காரர்கள் லெதரைப் பார்க்கிற விதமே தனி. வெளியூர்க்காரன் முகர்ந்து பார்ப்பான், உட்கார்ந்து பார்ப்பான். நம் ஆட்கள் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்து, பனியன் துணியின் கனத்தைக் கேட்கிற மாதிரியே "ஜிஎஸ்எம் எவ்வளவுங்க?" என்பார்கள். உன் மாமனாரும் தேய்த்தார். அப்புறம் தரையில் மண்டி போட்டு, தையலை விரலால் தடவி, ஒரு இஞ்சுக்கு எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று எண்ணினார். சுற்றிப் பின்பக்கம் போனார். "ஏனுங்க அம்மணி, முன்னால ஒரு மெட்டீரியல், பின்னால ஒரு மெட்டீரியலா இருக்குதுங்களே?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். உட்காருகிற இடமும் சாய்கிற இடமும்தான் லெதர், முதுகுப்பக்கம் ரெக்சின் என்று உண்மையைச் சொன்னேன். கேட்காதவர்களிடம் நானாக அதைச் சொன்னதில்லை, அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "செவுத்துப் பக்கம்தானுங்களே. பரவால்லீங்க" என்றார்.

அவர் ஜாப் ஒர்க்காகத் தைத்துக் கொடுக்கும் கம்பெனி முதலாளி யாருக்கோ பார்க்க வந்திருக்கிறார் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். "யாருக்குங்கண்ணா?" என்று கேட்டேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். "என்னங்க அம்மணி, தெரியாத மாதிரி கேக்கறீங்க. நம்ம மாப்பிள்ளைக்குத்தானுங்க. போன வாரம் போன்ல சொன்னாருங்க. எங்க அம்மா கடையிலயே எடுத்துக்கங்க, மண்டபத்து வாசல்ல வெச்சுட்டாப் போதும், சோபாக் கடைக்காரங்க ஊட்டுக் கல்யாணத்துல சோபா இல்லீன்னா நாலு பேரு சிரிப்பாங்கன்னாருங்க" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்துபோய், "தப்பா ஒண்ணும் பேசலீங்க. நல்ல முறையாத்தானுங்க கேட்டாரு" என்று சேர்த்துச் சொன்னார். நல்ல முறையாகக் கேட்டானாம். அந்த வார்த்தை என் கன்னத்தில் விழுந்தது.

நிச்சயத்தன்று நானும் உன் அப்பாவும் அத்தனை பேர் நடுவில் என்ன சொன்னோம்? "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க, பொண்ணை மட்டும் அனுப்புங்க" என்றோம். நீ பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய், தலையைக்கூட ஆட்டினாய். அன்றைக்கு அந்த மனுஷன் கண் கலங்கியதைப் பார்த்தாயா இல்லையா? எங்கள் வாயால் வேண்டாம் என்று சொல்ல வைத்துவிட்டு, பின்னாலிருந்து நீ போன் போட்டிருக்கிறாய். அவர் மனசில் நாங்கள் இப்போது யார்? சபையில் ஒன்று சொல்லி, மகனை விட்டு வேறு ஒன்று கேட்கிற கூட்டம். அப்படியும் அவர் என்னை அம்மணி என்றுதான் கூப்பிட்டார்.

முழுக்கக் கேள். நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அவர் சட்டைப் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துச் சோபாவை அளக்க ஆரம்பித்தார். எதற்கு என்றேன். "உறை நாங்களே தைச்சுக் குடுத்தர்றோமுங்க. எக்ஸ்போர்ட் துணி நல்லது கொஞ்சம் எடுத்து வெச்சிருக்கறா எங்கூட்டுக்காரி" என்றார். அப்புறம், பணம் புதன்கிழமை கொண்டு வருவதாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை மெஷினுக்கு ஆள் வருகிறார்களாம். எந்த மெஷினுக்கு என்று கேட்டேன். அவர் வீட்டு முன்னால் தகரக் கொட்டகையில் நான்கு ஓவர்லாக் தையல் மெஷின் ஓடுகிறதே, பெண் பார்க்கப் போனபோது அந்தச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காமல் சிரித்தோமே, அதில் இரண்டை விலைக்குத் தூக்கிக் கொடுக்கிறாராம். "இந்த மந்தத்துல நாலுக்கும் ஆர்டர் இல்லீங்க, சும்மாதானே நிக்குது" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். கூடவே ஒன்று சொன்னார். நான் சாகிற வரைக்கும் அது என் காதில் இருக்கும். "உறையைத் தைச்சு முடிச்சிட்டுத்தானுங்க மெஷினைத் தூக்கச் சொல்லியிருக்கறேன்" என்றார். அந்த இரண்டு மெஷினும் கடைசியாகத் தைக்கப் போவது, எதற்காகத் தங்களை விற்கிறார்களோ அந்தச் சோபாவுக்கு உறை.

இதைக் கேட்டு நான் ஏன் இப்படி ஆடிப்போனேன் என்று உனக்குப் புரிய வேண்டுமென்றால், உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். உன்னைத் திட்ட எனக்குப் பாதி உரிமைதான் இருக்கிறது. மீதிப் பாதிக்கு நானே திட்டு வாங்க வேண்டியவள். இந்த ஊரில் சீருக்கு லெதர் சோபா வைக்கிற பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவள் உன் அம்மாதான்.

நீ பள்ளிக்கூடம் படித்த காலத்தில் லெதர் சோபா என்றால் ஆபீசுக்கு மட்டும்தான். பனியன் எக்ஸ்போர்ட்காரர்கள் வருவார்கள், கறுப்பு வேண்டும் என்பார்கள், வேறு கலரைக் காட்டினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். துணி வாங்க வருகிற வெளிநாட்டு பையர் உட்காருவதற்காம். ஒரு முதலாளி பையர் வருகிற அன்று காலையில் அவசர அவசரமாக வாங்கிப் போனார். வந்த வெள்ளைக்காரன் கடைசி வரை நின்றுகொண்டே துணியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான் என்று அப்புறம் அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார். பிறகு அவர்கள் வெளிநாடு போய் வந்தார்கள், வீட்டுக்கும் வேண்டும் என்றார்கள், அதுவும் தந்த வெள்ளையில். சாயப்பட்டறைக்காரர் வீட்டில் வெள்ளைச் சோபா என்ன கதியாகும்? ஒரே மாதத்தில் கை வைக்கிற இடமெல்லாம் நீலமும் சிவப்பும் ஏறி, அதற்கு மேல் பனியன் துணியில் உறை தைத்துப் போட்டார்கள். நம் ஊரில் லெதர் சோபா வாங்கிய வீடுகளில் லெதரைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. அழுக்குத் தெரியாமலிருக்கப் பிரவுனுக்கு மாறினார்கள். எந்தக் கலர் எப்போது போகும், எப்போது நிற்கும் என்று முன்கூட்டியே சொல்கிற அளவுக்கு எனக்கு இது அத்துப்படி ஆயிற்று. ஆம்பூரிலிருந்து லெதர் சப்ளை செய்கிறவர்கள்கூட என்னைக் கேட்டுவிட்டுத்தான் கலர் அனுப்புவார்கள். எனக்கு அதில் தலைக்கனம் உண்டு.

நீ காலேஜில் சேர்ந்த வருஷம், தீபாவளி முடிந்ததும் சோபா ஒன்றுகூட நகரவில்லை. வாங்கக்கூடிய எக்ஸ்போர்ட்காரர்கள் எல்லாரும் வாங்கி முடித்துவிட்டார்கள். தை மாதம் கல்யாண சீசன் வருகிறது, கட்டிலும் பீரோவும் சீருக்குப் போகிறதே, சோபா ஏன் போகக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. ஒரு லெதர் செட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மேலே மாவிலை கட்டி, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே வாசலில் போட்டு, 'சீர் சோபா, மண்டபத்துக்கே கொண்டு வந்து தரப்படும்' என்று போர்டு எழுதி வைத்தேன். பின்பக்கப் பட்டறையில் சோபாவுக்கு மரச்சட்டம் அடித்துக்கொண்டிருந்த உன் அப்பா வந்து பார்த்தார். அவர் அதிகம் பேசாத மனுஷன் என்று உனக்குத் தெரியும். "இது வேண்டாம். நாளைக்கு இல்லாதவன் ஊட்டுலயும் கேப்பானுக" என்று மட்டும் சொன்னார். "உங்களுக்கு யாவாரம் தெரியாதுங்க, நீங்க சட்டத்தைப் பாருங்க" என்று நான் சொன்னேன். அவர் போய்ச் சட்டத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் இன்று வரை அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

முதல் செட் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிற்று. மண்டபத்து வாசலில், பித்தளைப் பாத்திரங்களுக்கு முன்னால், வருகிற ஆயிரம் கண்ணுக்கும் எதிரில் அது நின்றது. அதற்கு மேல் நான் விளம்பரமே செய்யவில்லை. அடுத்தடுத்த மண்டபங்களில் "அங்க வெச்சாங்க, இங்க ஏன் வெக்கலை" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்க ஆரம்பித்தார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் கடைக்கு வந்தார்கள். நம் யாவாரம் அதில்தான் நிமிர்ந்தது. உன் காலேஜ் படிப்பு அதில் வந்தது. பெங்களூரில் பையிங் ஆபீஸ் வேலைக்கு நீ கோட் தைத்துப் போட்டுக்கொண்டு போனாயே, அதுவும் அதில் வந்ததுதான்.

போன வருஷம் அமெரிக்காவில் பேங்க்குகள் விழுந்து, நம் ஊரில் ஆர்டர் நின்று, கம்பெனிகள் ஒரு ஷிப்டை மூடின. ஆம்பூர்க்காரர் வந்திருந்தபோது, "சென்னைல இல்ல, கோயமுத்தூர்ல இல்ல, உங்க ஊர்ல மட்டும் எப்படிம்மா சேல்ஸ் ஏறுது?" என்று ஆச்சரியப்பட்டார். நான் காலை ஆட்டிக்கொண்டு, "எங்க ஊர்ல கம்பெனி நிக்கும், கல்யாணம் நிக்காதுங்க" என்றேன். அந்தப் பதிலை அவர் மற்ற ஊர்களிலும் போய்ச் சொன்னாராம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரே இறங்கும்போது ஒரு பொருள் மட்டும் ஏறினால், வாங்குகிறவன் பணத்தை எங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறான் என்று கேட்டிருக்க வேண்டாமா? நான் கேட்கவில்லை. ஒரு ஆள் வந்து சொன்னபோதும் காதில் வாங்கவில்லை.

அந்த ஆள் நம் டெலிவரி வண்டி பழனிசாமி. ஆரம்பத்தில் அவன் பங்களாக்களுக்குச் சோபா கொண்டுபோனான். அப்புறம் மாடி வீடுகளுக்கு. கடைசியில் ஒற்றை அறை லைன் வீடுகளுக்கு. போன ஆடிக்கு முன்னால் ஒரு நாள் வந்து சாவியை மேஜையில் வைத்துவிட்டு நின்றான். "அக்கா, முதலிபாளையத்துல மாப்பிள்ளை ஊட்டுல எறக்கப் போனா சோபா வாசப்படியிலயே நொழையலீங்க. ஜன்னலைக் கழட்டிப் பாத்தும் போகலை. கொட்டகையில போட்டுத் தார்ப்பாய் மூடிட்டு வந்தேன்" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "பொண்ணு ஊட்டுக்குச் சீட்டுல கையெழுத்து வாங்கப் போனேனுங்க. மெஷின் நின்ன எடத்துல நாலு கால் தடம் மட்டும் தரையில இருக்குதுங்க" என்றான். "உனக்கு எதுக்கு அந்த வம்பு, அடுத்த லோடைப் பாரு" என்று விரட்டிவிட்டேன். நேற்று உன் மாமனார் செவ்வாய்க்கிழமை மெஷினுக்கு ஆள் வருகிறது என்றபோது, எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பழனிசாமி சொன்ன அந்த நாலு கால் தடம்தான். எத்தனை வீட்டுத் தரையில் அந்தத் தடத்தை நான் போட்டிருக்கிறேனோ, யாருக்குத் தெரியும். யார் வீட்டிலோ நடந்தபோது எனக்கு அது யாவாரம். என் மருமகள் வீட்டில் நடக்கும்போதுதான் பாவமாகத் தெரிகிறது. எவ்வளவு கேவலமான புத்தி என்று எனக்கே தெரிகிறது.

நீ கேட்பாய், அவ்வளவு வேதனையாக இருந்தால் நீயே வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கலாமே என்று. சொன்னேன். "அண்ணா, இதை விட்ருங்க, நான் விக்க மாட்டேன்" என்றேன். "அப்படின்னா கோயமுத்தூர்ல எடுத்துக்கறேனுங்க. மாப்பிள்ளை வாய் தொறந்து கேட்டது இது ஒண்ணுதானுங்களே" என்றார். சரி, பணமே வேண்டாம், கடையிலிருந்து நானே மண்டபத்துக்கு அனுப்பிவிடுகிறேன் என்றேன். அந்தச் சாதுவான மனுஷனுக்கு முதல் தடவையாக முகம் சிவந்தது. "மாப்பிள்ளை ஊட்டுப் பொருளையே இனாமா வாங்கி மாப்பிள்ளைக்குக் குடுத்தா அது சீருங்களா அம்மணி? எம் பொண்ணு அங்க வந்து எப்படித் தலை நிமுந்து நடப்பா?" என்றார். போகும்போது படியில் நின்று, "மாப்பிள்ளைகிட்ட நான் மெஷின் கதையெல்லாம் பேசினேன்னு சொல்லிராதீங்க. கவிதாவுக்கும் தெரியாதுங்க" என்று கேட்டுக்கொண்டார். சரி என்றேன். அவருக்குக் கொடுத்த வாக்கை இந்தக் கடிதத்தில் மீறுகிறேன். அந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

உன் அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அவர் பேச மாட்டார், என்னை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையை வாங்குகிற தெம்பு இன்றைக்கு என்னிடம் இல்லை. ஆனால் அந்தப் போர்டை நானே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றிவிட்டேன். கழற்றினால் ஊரில் பழக்கம் நின்றுவிடாது என்று தெரியும். பக்கத்துத் தெருவிலேயே இரண்டு கடைகளில் அதே வாசகம் தொங்குகிறது, என்னைப் பார்த்து எழுதியதுதான். நான் கிளப்பியதை என்னால் அடக்க முடியாது. உன் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையை நீ நினைத்தால் அடக்கலாம். உனக்கு அந்த வசதி இன்னும் இருக்கிறது, எனக்கு இல்லாமல் போயிற்று.

நீ கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை, கண்ணு. கூட வேலை செய்கிறவர்கள் வருவார்கள், வாசலில் பார்ப்பார்கள் என்று நினைத்திருப்பாய். நம் கடைக்கே வருகிற பணம்தானே, கை மாறினால் என்ன என்றுகூட நினைத்திருப்பாய். ஒரு பொருளைக் கேட்டால் அது எதற்குப் பதிலாக வருகிறது என்று பார்க்கிற பழக்கத்தை நான் உனக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. எனக்கே இல்லை, எங்கிருந்து கொடுப்பேன்? அந்த வீட்டில் நான்கு மெஷின் ஓடியதால்தான் கவிதா படித்தாள். அவளுக்குக் கீழே ஒரு தங்கை இருக்கிறாள். இரண்டு மெஷினில் அவளைப் படிக்க வைக்க வேண்டும். நாளைக்கு நீ அந்தச் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து டிவி பார்க்கும்போது, கவிதா உனக்குக் காபி கொண்டு வருவாள். உறையைப் பார்த்ததும் அது தன் அம்மா கைத் தையல் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். எந்த மெஷினில் தைத்தது என்றும் ஒரு நாள் தெரியவரும். அன்றைக்கு அவள் உன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டாள். உன் அப்பா என்னிடம் கேட்காத மாதிரியே இருந்துவிடுவாள். அப்படி ஒருவரோடு குடித்தனம் நடத்துவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தை இப்போதே கூரியரில் போடுகிறேன், நாளை சனிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் உறைக்குத் துணி வெட்டுகிறார்கள். வெட்டிய பிறகு சொன்னால் கவிதாவின் அம்மாவுக்கு இன்னும் அவமானம், அதற்கு முன்னாலேயே பேசு. அம்மா சொன்னாள் என்று சொல்லாதே, மெஷின் விஷயம் தெரிந்த மாதிரியும் காட்டிக்கொள்ளாதே. "மாமா, நான் கேட்டது தப்பு, எனக்குச் சோபா வேண்டாம்" என்று மட்டும் சொல். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார், நீ திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். நாலு பேர் சிரிப்பார்கள் என்றாயே, சிரிக்கட்டும், மண்டபத்து வாசலில் நானே நின்று அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொள்கிறேன். சோபா அங்கே வந்து இறங்கினால் மட்டும், நான் அந்த வாசலைத் தாண்டி உள்ளே வர மாட்டேன்.

அவர் நம்பரை நான் எழுத வேண்டியதில்லை. உன்னிடம் இருக்கிறது. சோபா கேட்கப் போட்டாயே, அதே நம்பர்தான்.

அம்மா